நூல் தேடி வந்த துறவி யுவான் சுவாங்

ஐயம் என்னும் வித்து

சீனாவின் லோயாங் நகருக்கு அருகே, கி.பி. 602-ஆம் ஆண்டு வாக்கில், சென் என்ற கற்றறிந்தோர் குடும்பத்தில் நான்காவது மகனாகத் தோன்றினார் யுவான் சுவாங். தந்தை கன்பூசியஸ் நெறியில் தேர்ந்தவர். அவரை இளமையிலேயே இழந்த சிறுவனை, பௌத்தத் துறவியாகிவிட்ட அண்ணன் தாம் வாழ்ந்த மடத்திற்கு அழைத்துச் சென்றார். பதின்மூன்றாம் வயதில் அவர் இளந்துறவியானார்.

618-இல் சூயி அரசமரபு வீழ்ந்தது. போரும் பஞ்சமும் நாட்டை அலைக்கழித்தன. சகோதரர்கள் இருவரும் தெற்கே செங்டு நகரை அடைந்தனர். அங்கே 622-இல் யுவான் சுவாங் முழுத் துறவு பெற்றார். பின்னர் ஊர் ஊராகச் சென்று ஆசாரியர் பலரிடம் பாடம் கேட்டார். கேட்கக் கேட்க அவரது ஐயம் பெருகியது. எல்லா உயிர்களும் புத்த நிலையை எய்த வல்லனவா என்ற அடிப்படைக் கேள்விக்கே ஒவ்வோர் ஆசிரியரும் ஒவ்வொரு விடை தந்தனர். சீன மொழிபெயர்ப்புகளும் ஒன்றோடொன்று முரண்பட்டன. மூலநூல்களை, குறிப்பாக யோகாசாரபூமி சாஸ்திரத்தை, அவை பிறந்த மண்ணிலேயே கற்பதன்றி வேறு வழியில்லை என்று அவர் முடிவு செய்தார்.

கிழக்கே ஓரடியும் வையேன்

தாங் அரசமரபின் பேரரசர் தாய்சோங், எல்லை கடந்து மேற்கே செல்வதற்குத் தடை விதித்திருந்தார். துறவியின் விண்ணப்பம் ஏற்கப்படவில்லை. 629-ஆம் ஆண்டு வாக்கில் அவர் அனுமதியின்றியே புறப்பட்டார். பகலில் மறைந்தும் இரவில் நடந்தும் எல்லையை நெருங்கினார். அவரைப் பிடிக்குமாறு ஆணை வந்தபோது, அவரது உள்ளத்தூய்மையைக் கண்ட அதிகாரி ஒருவர் அந்த ஓலையைக் கிழித்துப் போட்டார். வழிகாட்டியாக வந்தவனோ பாதியில் கைவிட்டான்.

எல்லைக் காவல்கோபுரங்களுக்கு அப்பால் பரந்த பாலைவனம். துணை, ஒரு கிழட்டுக் குதிரை மட்டுமே. ஒருநாள் நீர் அருந்த முற்படுகையில் தோற்பை கைநழுவி, நெடும்பயணத்துக்கான நீர் முழுவதும் மணலில் கொட்டிப் போயிற்று. வழியும் தவறியது. வேறு வகையின்றி அவர் வந்த வழியே திரும்பிச் சிறிது தொலைவு நடந்தார். அப்போது தாம் செய்துகொண்ட சங்கற்பம் நினைவுக்கு வந்தது. பாரதத்தை அடையும்வரை கிழக்கு நோக்கி ஓரடியும் வைப்பதில்லை என்று உறுதி பூண்டவர் அல்லவா அவர்? கிழக்கே சென்று உயிர் பிழைப்பதைவிட மேற்கே சென்று மடிவதே மேல் என்று துணிந்து, குதிரையை மீண்டும் மேற்கே திருப்பினார். நான்கு இரவுகளும் ஐந்து பகல்களும் ஒரு துளி நீரின்றிக் கழிந்தன. இறுதியில், நீரின் வாடையை உணர்ந்த குதிரையே அவரைப் பசும்புல்லும் ஊற்றும் உள்ள இடத்திற்குக் கொண்டுசேர்த்தது.

அடுத்து வந்த சோதனை அன்பின் வடிவில் வந்தது. காவோசாங் நாட்டு மன்னர் அவரிடம் பெரும்பக்தி கொண்டு, அங்கேயே குருவாகத் தங்கிவிடுமாறு வற்புறுத்தினார். மறுத்தால் சீனாவுக்கே திருப்பி அனுப்புவதாகவும் கூறினார். துறவி உண்ணா நோன்பு மேற்கொண்டார். மூன்று நாட்களுக்குப் பின் மன்னர் மனம் இளகினார். திரும்பும்போது மூன்றாண்டுகள் தங்குவதாக வாக்குப் பெற்றுக்கொண்டு, வழியிலுள்ள அரசர்களுக்கு 24 மடல்களும் பொன்னும் ஏவலரும் அளித்து அனுப்பினார். அந்த வாக்கு நிறைவேறவில்லை. 640-இல் தாங் படைகள் காவோசாங்கைக் கைப்பற்றிவிட்டன. மன்னரும் அப்போது மறைந்துபோனார்.

நாளந்தாவில் காத்திருந்த குரு

பனிமலைகளைக் கடக்கையில் உடன் வந்தோர் பலர் மாண்டனர். சாமர்கந்து, பாமியான், காந்தாரம் வழியாக அவர் காஷ்மீரத்தை அடைந்து, அங்கே இரண்டாண்டுகள் கற்றார். போதகயையில் போதிமரத்தின் முன் விழுந்து, புத்தர் வாழ்ந்த காலத்தில் தாம் எப்பிறவியில் எங்கே உழன்றோமோ என்று எண்ணிக் கண்ணீர் விட்டார்.

அக்காலத்து நாளந்தாவின் தலைவர் சீலபத்திரர் முதுமை எய்தியிருந்தார். தீராத மூட்டுவலியால் உயிர்விட எண்ணியிருந்த அவருக்கு, சீனத்திலிருந்து ஒரு மாணவர் வருவார், அவருக்காகக் காத்திருக்க வேண்டும் என்று கனவில் உணர்த்தப்பட்டதாக மரபு கூறுகிறது. மாணவர் வந்ததும் அந்த முதியவர் மீண்டும் ஆசனத்தில் அமர்ந்து யோகாசாரபூமி சாஸ்திரத்தை விரித்துரைத்தார். யுவான் சுவாங் அங்கே சுமார் ஐந்தாண்டுகள் கற்றார்.

பின்னர் தென்னாடு நோக்கி வந்த அவர், 640-ஆம் ஆண்டு வாக்கில் காஞ்சிபுரத்தை அடைந்தார். நரசிம்மவர்ம பல்லவர் ஆண்ட காலம் அது. நூற்றுக்கும் மேற்பட்ட மடங்களும் பதினாயிரம் துறவியரும் அங்கே இருந்ததாகவும், மக்கள் வாய்மையும் கல்வியில் நாட்டமும் மிக்கவர்கள் என்றும் அவர் பதிவு செய்தார். இலங்கைக்குச் செல்ல விரும்பினார். அங்கே பஞ்சமும் குழப்பமும் நிலவுவதாக அத்தீவிலிருந்து வந்த துறவியர் தெரிவிக்கவே, அந்த எண்ணத்தைக் கைவிட்டார். காஞ்சி அவருக்கு அயலூர் அன்று. சீலபத்திரரின் குருவாகிய தர்மபாலர் பிறந்த ஊர் அது. தம் குருவின் குரு தோன்றிய மண்ணிலேயே அவர் நின்றார்.

643-இல் ஹர்ஷர் கன்னோசியில் கூட்டிய பேரவையில் யுவான் சுவாங் தம் கொள்கையை நிலைநாட்டினார். பதினெட்டு நாட்கள் எவரும் அதை மறுக்க முன்வரவில்லை. நாளந்தாத் துறவியர் அவரை அங்கேயே தங்கிவிடுமாறு வேண்டினர். புத்தர் தோன்றிய நாட்டை விட்டுச் செல்வானேன் என்று கேட்டனர். பெற்ற அறிவைப் பெறாதவர்க்கு எடுத்துச் செல்வதே கடமை என்று கருதி அவர் புறப்பட்டார்.

மற்றொரு நெடும்பயணம்

சிந்து நதியைக் கடக்கையில் படகு தத்தளித்து ஐம்பது சுவடிகள் நீரில் போயின. எஞ்சிய 657 நூல்களை இருபது குதிரைகளில் ஏற்றிக்கொண்டு 645-இல் அவர் சாங்ஆனை அடைந்தார். தடையை மீறிச் சென்றவரைப் பேரரசர் மன்னித்ததோடு, துறவைக் களைந்து அமைச்சராகுமாறும் அழைத்தார். யுவான் சுவாங் பணிவுடன் மறுத்தார். பேரரசரின் விருப்பத்திற்கிணங்கி 646-இல் தம் பயணக்குறிப்பை மட்டும் எழுதி அளித்துவிட்டு, மொழிபெயர்ப்பில் அமர்ந்தார்.

பதினாறு ஆண்டுப் பயணத்தைப் போற்றுவோர், அதைத் தொடர்ந்த பத்தொன்பது ஆண்டு மேசைத் தவத்தைப் பெரும்பாலும் மறந்துவிடுகின்றனர். ஒவ்வொரு நாளும் முடிக்க வேண்டிய பகுதியை அவர் குறித்துக்கொள்வார். பகலில் முடியாததை இரவில் முடிப்பார். நள்ளிரவில் படுத்து விடியுமுன் எழுவார். சுவடிகளைக் காக்க 652-இல் கோபுரம் எழுப்பப்பட்டபோது தாமே செங்கல்லும் சுமந்தார். குருவின் மறைவுச் செய்தி எட்டியபின், 654-இல் நாளந்தாவுக்கு மடல் எழுதினார். அதில் குருவுக்காக வருந்தியதோடு, சிந்துவில் இழந்த சுவடிகளின் பட்டியலையும் இணைத்து, படிகள் அனுப்புமாறு வேண்டினார். பத்தாண்டுகளுக்கு முன் ஆற்றோடு போனவற்றையும் அவர் மனம் கைவிட்டிருக்கவில்லை.

660-இல் இரண்டு லட்சம் சுலோகங்கள் கொண்ட பிரஜ்ஞாபாரமிதையைத் தொடங்கினார். உடல் தளர்ந்திருந்தது. கூறியது கூறல் மிகுந்த அந்நூலை, முன்பு குமாரஜீவர் செய்ததுபோல் சுருக்கித் தரலாம் என்று சீடர்கள் வேண்டினர். அவரும் இசைந்தார். அன்றிரவு செங்குத்தான பாறையிலிருந்து விழுவது போலவும் விலங்குகள் தாக்குவது போலவும் கனவுகள் கண்டு நடுங்கி எழுந்தார். மறுநாள் முழுமையாகவே மொழிபெயர்ப்பதாக அறிவித்தார். பாலைவனத்தில் சிறிது தொலைவு திரும்பி நடந்தவர் மீண்டும் மேற்கே முகம் திருப்பியதும் இதுவும் ஒன்றே. 663-இல் 600 சுருள்களாக அப்பணி நிறைவெய்தியது. அடுத்த நூலையும் சீடர்கள் வேண்டினர். சில வரிகளோடு சுவடியை மூடி, வலிமை தீர்ந்ததை அமைதியாக ஏற்றுக்கொண்டார். 664-இன் தொடக்கத்தில் அவர் உடல் நீத்தார்.

அவர் தந்தவை சுமார் 75 நூல்கள், 1,335 சுருள்கள். மகாவிபாஷை என்ற பெருநூலின் வடமொழி மூலம் மறைந்துவிட்டது. அவரது சீன மொழிபெயர்ப்பே அதை இன்று முழுமையாகக் காக்கிறது. காஞ்சித் தர்மபாலரின் கருத்துகளும் 659-இல் அவர் உருவாக்கிய விஞ்ஞப்திமாத்ரதா சித்தி வழியாக உலகுக்கு எஞ்சின. நாளந்தா மண்மேடாகிப் பெயரும் மறந்த நிலையில், 19-ஆம் நூற்றாண்டில் அலெக்சாண்டர் கன்னிங்ஹாம் அந்த இடத்தை அடையாளம் காண அவரது பயணக்குறிப்பே துணைநின்றது.

பாரதத்திடம் மாணவராக வந்தவர், பாரதம் இழந்ததையும் அதற்காகக் காத்துவைத்தார். எடுத்த நற்பணியில் சலிப்பு தட்டும்போது, சுருக்கிவிடலாம் என்று மனம் ஆசை காட்டும்போது, மணலில் நீர் கொட்டிப்போன பின்பும் மேற்கே திரும்பிய அந்தத் தனித்துறவியை நினைவுகூர்வோம்.