கப்பலில் போட்ட கணக்கு!



சங்கரன்கோவில் ரயில் நிலையத்தில், நீங்கள் ஏறிய ரயில் நின்று கொண்டிருக்கிறது. பக்கத்துத் தண்டவாளத்தில் நிற்கும் ரயில் மெல்ல நகர்கிறது. உடனே, நம் ரயில்தான் கிளம்பிவிட்டது என்று நினைத்து ஏமாந்து போவீர்கள். இந்த அனுபவம் உங்களுக்கும் உண்டுதானே?

எது நிற்கிறது, எது நகர்கிறது என்பது பார்ப்பவரைப் பொறுத்தது. ஆனால், ஒளி மட்டும் அப்படியல்ல. நின்று கொண்டு அளந்தாலும், ஓடிக்கொண்டு அளந்தாலும் வெற்றிடத்தில் அதன் வேகம் நொடிக்குச் சுமார் 3 லட்சம் கிலோமீட்டர்தான்! சங்கரன்கோவிலில் இருந்து சென்னைக்கு ரயிலில் போக ஓர் இரவு ஆகிறது. ஒளி அந்தத் தூரத்தை, ஒரு நொடியை 500 பங்காக்கினால் வரும் ஒரு பங்கு நேரத்தில் கடந்துவிடும். எந்தப் பொருளையும் அந்த வேகத்துக்கு மேல் விரட்ட முடியாது. 1905ல் ஐன்ஸ்டீன் வெளியிட்ட சிறப்புச் சார்பியல் கோட்பாடு சொல்லும் செய்தி இது.

இந்தக் கோட்பாட்டை வைத்து, 19 வயது தமிழ் இளைஞர் ஒருவர் கப்பலில் போகும்போதே பெரிய கண்டுபிடிப்பைச் செய்தார். அவர்தான் சுப்பிரமணியன் சந்திரசேகர்.

சந்திரசேகர் 1910 அக்டோபர் 19ல் லாகூரில் பிறந்தார். அப்பா சுப்பிரமணிய ஐயர், ரயில்வே கணக்குத் துறை அதிகாரி. அம்மா சீதாலட்சுமி, இப்சனின் நாடகம் ஒன்றைத் தமிழில் மொழிபெயர்த்தவர். சின்ன வயதில் சந்திரசேகர் பள்ளிக்குப் போகவில்லை. வீட்டிலேயே பாடம். அம்மா தமிழ் சொல்லிக் கொடுத்தார். அப்பா ஆங்கிலமும் கணக்கும் சொல்லிக் கொடுத்தார். பிறகுதான் சென்னை திருவல்லிக்கேணி இந்து உயர்நிலைப் பள்ளியில் சேர்ந்தார். 1925ல் மாநிலக் கல்லூரியில் நுழைந்தார்.

மகன் ஐ.சி.எஸ். அதிகாரி ஆக வேண்டும் என்பது அப்பாவின் ஆசை. மகனுக்கோ கணக்கிலும் இயற்பியலிலும்தான் ஆசை! பாடத்திட்டத்தோடு அவர் நிற்கவில்லை. ஜெர்மனி விஞ்ஞானி சோமர்ஃபெல்ட் அணுவைப் பற்றி எழுதிய பெரிய நூலை, தானே உட்கார்ந்து படித்து முடித்தார்.

1928ல் அந்த சோமர்ஃபெல்டே சென்னைக்கு வந்தார். சந்திரசேகர் துணிச்சலாகப் போய் அவரைச் சந்தித்தார். அங்கே ஓர் அதிர்ச்சி காத்திருந்தது. அந்த நூல் வெளிவந்த பிறகு இயற்பியலே மாறிவிட்டது என்று சொல்லிவிட்டார் சோமர்ஃபெல்ட்! கஷ்டப்பட்டுப் படித்ததெல்லாம் பழசாகிவிட்டது என்று தெரிந்தால் நீங்கள் என்ன செய்வீர்கள்? சந்திரசேகர் சோர்ந்து போகவில்லை. சோமர்ஃபெல்ட் கொடுத்த புதுக் கட்டுரையின் அச்சுப்படிகளை வாங்கி வந்து, மறுபடியும் முதலில் இருந்து படித்தார். சில மாதங்களில் தானே ஓர் ஆய்வுக் கட்டுரை எழுதினார். 1929ல் அது லண்டன் ராயல் சொசைட்டியின் இதழில் வெளியானது.

1930ல், இங்கிலாந்து சென்று படிக்க அரசு உதவித்தொகை கிடைத்தது. ஆனால், அம்மா கடுமையான நோயில் படுத்திருந்தார். போவதா, வேண்டாமா என்று சந்திரசேகர் தவித்தார். போய்த்தான் ஆக வேண்டும் என்று அனுப்பி வைத்தவர் அந்த அம்மாதான். ஜூலை 31ல் பம்பாயில் கப்பல் ஏறினார்.

கையில் சில புத்தகங்கள், காகிதம், பென்சில். மனதில் ஒரு கேள்வி. எரிபொருள் தீர்ந்த நட்சத்திரம் என்ன ஆகும்?

அது சுருங்கி, 'வெள்ளைக் குள்ளன்' ஆகிவிடும். சூரியன் அளவு எடை, பூமி அளவு உருண்டைக்குள் அடைந்து கிடக்கும்! அதில் ஒரு தேக்கரண்டி எடுத்தால் பல டன் எடை இருக்கும். மேலும் சுருங்காமல் அதைத் தாங்கிப் பிடிப்பவை, உள்ளே பாய்ந்து ஓடும் எலக்ட்ரான்கள். எல்லா நட்சத்திரங்களும் இப்படியே அமைதியாக முடிந்துவிடும் என்றுதான் அப்போது விஞ்ஞானிகள் நினைத்தார்கள்.

அந்த எலக்ட்ரான்கள் எவ்வளவு வேகத்தில் ஓடும் என்று சந்திரசேகர் கணக்குப் போட்டார். ஒளியின் வேகத்தை நெருங்குகிற வேகம் வந்தது! அப்படியானால் சிறப்புச் சார்பியலைச் சேர்த்தாக வேண்டுமே! சேர்த்தார். எலக்ட்ரான்களின் வேகம் ஓர் எல்லைக்கு மேல் ஏறாது. அதனால், மிகப் பெரிய நட்சத்திரத்தின் எடையை அவற்றால் தாங்க முடியாது. அது மேலும் நொறுங்கும் என்று விடை வந்தது.

பிறகு அவர் செம்மைப்படுத்திய கணக்குப்படி, அந்த எல்லை சூரியனைப் போல் சுமார் 1.4 மடங்கு எடை. இன்று உலகம் அதை 'சந்திரசேகர் எல்லை' என்கிறது. நியூட்ரான் நட்சத்திரம், கருந்துளை ஆகியவற்றைப் புரிந்துகொள்ள வழி காட்டியது இந்தக் கணக்குதான்.

ஆனால், பாராட்டு உடனே வரவில்லை. 1931ல், அவர் இங்கிலாந்தில் இருந்தபோதே அம்மா இறந்துவிட்டார். 1935 ஜனவரி 11ல், லண்டனில் விஞ்ஞானிகள் கூட்டத்தில் தன் முடிவை விளக்கினார். புகழ்பெற்ற வானியலாளர் எடிங்டன் அடுத்து எழுந்து அதைக் கேலி செய்தார். அரங்கமே சிரித்தது. சந்திரசேகர் சண்டைக்குப் போகவில்லை. எடிங்டனுடன் நட்பையும் விடவில்லை. தன் கணக்குகளை எல்லாம் ஒரு நூலாக எழுதி 1939ல் வெளியிட்டார். அமெரிக்காவில் சிகாகோ பல்கலைக்கழகத்தில் பேராசிரியராகி, வேறு ஆய்வுகளில் இறங்கினார்.

50 வயதைக் கடந்த பிறகு, ஐன்ஸ்டீனின் பொதுச் சார்பியலை மாணவரைப் போல உட்கார்ந்து கற்கத் தொடங்கினார். கருந்துளைகளைப் பற்றிப் பெரிய நூலே எழுதினார். 1983ல் நோபல் பரிசு தேடி வந்தது. கப்பல் பயணம் முடிந்து 53 ஆண்டுகள் கழித்து! 1995 ஆகஸ்ட் 21ல் அவர் மறைந்தார். 1999ல் விண்ணுக்கு அனுப்பப்பட்ட 'சந்திரா' எக்ஸ்ரே தொலைநோக்கி அவர் பெயரைத் தாங்கியுள்ளது.

நண்பர்களே! பாடப் புத்தகத்தில் இல்லாத கேள்வி உங்கள் மனதில் வந்தால், பரீட்சைக்கு வராது என்று ஒதுக்கிவிடாதீர்கள். உங்கள் ஊர் நூலகத்தில் தேடுங்கள். படித்தது பழசாகிவிட்டால், புதிதாகப் படியுங்கள். அடுத்த முறை பக்கத்து ரயில் நகரும்போது, கப்பலில் பென்சிலுடன் உட்கார்ந்திருந்த அந்த இளைஞரை நினைத்துக் கொள்ளுங்கள்!