கொக் பெருமகனாரும் மாட்டுக் கொள்ளைநோயும்

காசநோய்க் கிருமியைக் கண்டறிந்தவர் என்றும், வாந்திபேதியின் காரணத்தைக் கல்கத்தாவில் ஆராய்ந்தவர் என்றும் றொபேட் கொக் என்னும் ஜேர்மானிய அறிஞரை எம் விஞ்ஞான வகுப்பு மாணவர் யாவரும் அறிவர். பொரளையில் உள்ள மருத்துவ ஆராய்ச்சி நிலையம் போன்ற இடங்களிலே கிருமிகளைப் பிரித்து வளர்த்தறியும் முறைகள் பல அவர்வழி வந்தவையே. ஆயினும், அவர்தம் ஆராய்ச்சி வாழ்வின் தொடக்கத்திலும் நடுவிலும் இறுதியிலும் மாடு நின்றது என்பதனை நினைப்போர் சிலரே. அதனையே ஈண்டு எழுதப் புகுந்தோம்.

1843ஆம் ஆண்டு டிசெம்பர் 11இல், கிளவுஸ்தால் என்னும் மலைநகரில், சுரங்க உத்தியோகத்தர் ஒருவரின் பதின்மூன்று பிள்ளைகளுள் ஒருவராகப் பிறந்தார். கெற்றிங்கன் பல்கலைக்கழகத்தில் மருத்துவங் கற்று, 1872இல் வொல்ஸ்ரைன் என்னுஞ் சிற்றூருக்கு மாவட்ட வைத்தியராகச் சென்றார். அங்கே ஆராய்ச்சிசாலை இல்லை, பகலெல்லாம் நோயாளர், எஞ்சிய பொழுதில் ஒரு நுணுக்குக்காட்டியும் சில சுண்டெலிகளுமே அவர் துணை. ஆடுமாடுகளை அடைப்பான் நோய் அள்ளிச் சென்ற காலம் அது. இறந்த விலங்கின் இரத்தத்தை மரச்சிராயில் தோய்த்து எலிகளுக்கு ஏற்றினார். எருதின் கண்ணிலிருந்து எடுத்த நீரிலே கிருமியை வளர்த்தார். அக்கிருமி வித்திகளாய் மாறி மண்ணில் நெடுங்காலம் உயிர்தாங்கும் என்பதைக் கண்டார். குறித்த சில புல்வெளிகளில் மேய்ந்த மந்தைகள் ஆண்டுதோறும் ஏன் மடிந்தன என்பது அப்போதுதான் விளங்கிற்று. 1876இல் பிரெஸ்லோ நகரப் பேராசிரியர் கோன் முன்னிலையில் இதனைச் செய்துகாட்டியதும், பெயரறியா நாட்டுப்புற வைத்தியரை அறிஞருலகம் திரும்பிப் பார்த்தது.

பின்வந்த புகழை விரிக்க வேண்டுவதில்லை. 1890இல் காசநோய்க்கு மருந்தென அவர் அறிவித்த தியூபர்க்குலின் பயன்படாதொழிந்து அப்புகழுக்கு மாசு சேர்த்ததையும் மாணவர் அறிவர்.

1896இல் மாட்டுக் கொள்ளைநோய் சாம்பேசி ஆற்றைக் கடந்து தென்னாபிரிக்காவிற் புகுந்தது. தமிழகத்தார் வெக்கை நோய் என்பது இதனையே. இலட்சக்கணக்கான மாடுகள் மாண்டன. உழவும் வண்டியும் நின்றன. மந்தையே செல்வமாய் வாழ்ந்த குடிகள் வறுமையுற்றனர். கேப் அரசாங்கத்தின் அழைப்பை ஏற்று அவ்வாண்டு டிசெம்பரில் கொக் கிம்பர்லி சேர்ந்தார். கிருமியைத் தேடினார், கிடைக்கவில்லை. ஆயினும் வெறுங்கையராய்த் திரும்பினாரல்லர். நோயால் இறந்த மாட்டின் பித்தநீரில் 10 கன சென்ரிமீற்றர் எடுத்து நலமான மாட்டின் தோலின்கீழ் ஏற்றினால், சில நாளில் அம்மாடு நோயைத் தாங்கும் வலிமை பெறுகின்றதென்று 1897 பெப்ரவரியில் அறிவித்தார். அந்நாட்டுக் கமக்காரர் சிலர் முன்னரே பித்தநீரைக் கையாண்டனர் என்று கூறுவாரும் உளர். அது மெய்யாயின், அவர்க்குரிய பங்கு அவர்க்குச் சேர்வதே முறை. ஊசியேற்றிய மாடுகளுள் சில அதனாலேயே இறந்தன. ஆதலின் கொக் சென்றபின் கொல்லேயும் ரேணரும் நிணநீர் சேர்த்த வேறொரு முறையை வகுத்தனர்.

தேடிய கிருமி கிடையாமை அவர் குற்றமன்று. அஃது அவர்தம் கருவிக்கு அகப்படாத வைரசு. அவர் மாணாக்கராகிய லெவ்லர், புறொஷ் என்பாருடன் 1898இல் மாட்டின் கால்வாய் நோயை ஆராய்ந்து, நுண்வடிகளையும் ஊடுருவும் நோய்ப்பொருள் ஒன்றுண்டென நிறுவினார். விலங்கு வைரசு பற்றிய கல்வி அங்கே பிறந்தது. 1902இல் நிக்கோலும் ஆதில் பேயும் கொள்ளைநோய்க்கும் அவ்வாறே காட்டினர்.

கிம்பர்லியிலிருந்து கொக் பம்பாய்க்கு வந்தார். கொள்ளைநோய் எனினும் இது மாட்டுக்கன்று, மனிதருக்கு வந்த பிளேக்கு. அவ்வாண்டிலேயே இமயச் சாரலில் லிங்காட் நடத்திய முக்தேசர் ஆராய்ச்சிசாலைக்கும் சென்றார். 1920களில் அதே முக்தேசரில் எட்வேட்ஸ் என்பார் வைரசை ஆடுகளிற் பலமுறை செலுத்தி வலிகுன்றச் செய்து தடுப்புமருந்து ஆக்கினார். 1960 அளவில் புளோறைற் ஆபிரிக்காவில் அதனினுஞ் சிறந்ததொன்றை ஆக்கினார். நம் இலங்கையோ, நாற்பதாண்டு வரை இந்நோய் நீங்கியிருந்து, 1987இல் மீண்டும் அதற்கு இடங்கொடுத்தது. இந்தியாவிலிருந்து வந்த ஆடுகளோடு அது வந்ததென்பர். 1994க்குப் பின் இங்கு அது காணப்படவில்லை. 2011இல் உலகினின்றே ஒழிந்ததாக அறிவிக்கப்பட்டது.

கொக்கின் இறுதிக்காலத்துக்கு மீள்வோம். 1901இல் இலண்டன் மாநாட்டிலே, மாட்டுக் காசநோய் மனிதரை வருத்துவது மிக அரிதென்றும், பாலைப் பற்றி அஞ்ச வேண்டுவதில்லையென்றும் அவர் உரைத்தார். கேட்டோர் திகைத்தனர். எலியும் எருதின் கண்ணுங் கொண்டு ஒவ்வொன்றையும் சோதித்தறிந்த வொல்ஸ்ரைன் வைத்தியர் இத்துணை விரைந்து துணிந்தது எமக்கும் வியப்பே. பாலைக் காய்ச்சிக் குடிக்கும் நம் வீட்டாருக்கு அவ்வுரையால் தீங்கில்லை. பச்சைப்பால் அருந்திய மேனாட்டுக் குழந்தைகளுக்கோ அது பெருங்கேடு. பிரித்தானிய அரசு ஆணைக்குழு அமைத்து ஆராய்ந்தது. 1905இல் நோபெல் பரிசு பெற்ற கொக், தம் கொள்கையைக் கைவிடாமலே 1910 மே 27இல் பாடன்-பாடனில் காலமானார். அவர் கூற்றை மறுத்த ஆணைக்குழுவின் இறுதி அறிக்கை 1911இல் வெளிவந்தது.