'இந்தியாவின் லூயி ஆம்ஸ்ட்ராங்': சினிமா பாட்டுக்குள் ஜாஸைக் கொண்டுவந்த சிக் சாக்லேட் யார்?

தாம்பரத்தில் ரயில் ஏறியதும் இயர்போனை மாட்டிக்கிற ஆளா நீங்க? கோடம்பாக்கம் வர்றதுக்குள்ள எப்படியும் ஏழெட்டு பழைய பாட்டு ஓடிடும். பாடியவர், பாடலாசிரியர், இசையமைப்பாளர் எல்லார் பேரும் ஆப்பிலேயே இருக்கும். ஆனா நடுவுல திடீர்னு எழும்புற அந்த டிரம்பெட்? வாசிச்சது யாரு, அந்த இடத்துல அது வரணும்னு எழுதிக் கொடுத்தது யாருன்னு பெரும்பாலும் தெரியாது.

அப்படி மறைந்துபோன கூட்டத்தில், கொஞ்சமாவது பேர் மிஞ்சிய ஒருவர்தான் சிக் சாக்லேட்.

யார் இவர்?

இயற்பெயர் அந்தோனியோ சேவியர் வாஸ். 1916-ல் கோவாவின் அல்டோனா கிராமத்தில் பிறந்தார். கோவா அப்போது போர்ச்சுகீசியர் ஆட்சியில் இருந்தது. அங்கே தேவாலயப் பள்ளிகளில் சின்ன வயசிலேயே மேற்கத்திய இசையும் நொட்டேஷனும் சொல்லிக் கொடுப்பாங்க. பின்னாடி பம்பாய்க்கு வேலை தேடிப் போன கோவா இளைஞர்களுக்கு அதுதான் பெரிய சொத்து.

ஜாஸ் எப்படி வந்தது?

1935-ல் அமெரிக்காவின் லியான் அபே தன் குழுவோடு பம்பாய் தாஜ் மஹால் ஹோட்டலுக்கு வந்து வாசித்தார். அவருக்குப் பின் டெடி வெதர்ஃபோர்டு போன்ற கறுப்பினக் கலைஞர்களும் வந்தார்கள். அவர்களைக் கேட்டும், ரெக்கார்டுகளைத் திரும்பத் திரும்பப் போட்டும் கோவா இளைஞர்கள் ஜாஸ் கத்துக்கிட்டாங்க. சிக் பிடித்துக்கொண்டது லூயி ஆம்ஸ்ட்ராங்கின் பாணியை. டிரம்பெட்டும் அதே மாதிரி, கரகரப்பான பாட்டும் அதே மாதிரி. பட்டப்பெயர் அப்படித்தான் ஒட்டிக்கொண்டது. 1940-களில் அதே தாஜில் சொந்த பேண்டை நடத்தும் அளவுக்கு உயர்ந்தார்.

சினிமாவில் என்ன செய்தார்?

அந்தக் காலத்தில் பல இசையமைப்பாளர்கள் மெட்டைப் பாடிக் காட்டுவார்கள், அல்லது ஹார்மோனியத்தில் வாசிப்பார்கள். வயலினுக்கு என்ன, சாக்ஸபோனுக்கு என்ன, டிரம்பெட் எங்கே நுழையணும்னு பிரித்து எழுத நொட்டேஷன் தெரிந்த ஆள் வேணும். அவர்தான் அரேஞ்சர். பகலில் ஸ்டூடியோ, ராத்திரியில் ஹோட்டல் என்று கோவா கலைஞர்கள் ஓடினார்கள்.

சிக் கைகோத்தது சி. ராம்சந்திராவோடு. 'சமாதி' (1950), 'அல்பேலா' (1951) பாடல்களில் ஸ்விங், லத்தீன் ரிதம், பாங்கோ, மரக்காஸ் எல்லாம் இந்தி மெட்டோடு கலந்தன. ஹோட்டல் மேடையில் ஆம்ஸ்ட்ராங்கைப் பின்பற்றிய மனிதர், இங்கே தெருவில் போகிறவரும் முணுமுணுக்கிற ஒரு புது சத்தத்துக்குக் கை கொடுத்தார். 'அல்பேலா'வில் தன் பேண்டோடு திரையிலும் தோன்றினார். தேவ் ஆனந்த், மதுபாலா நடித்த 'நாதான்' (1951) படத்துக்குத் தனியாகவே இசையமைத்தார்.

நமக்கு என்ன தொடர்பு?

'வஞ்சிக்கோட்டை வாலிபன்' (1958) படத்தில் வைஜயந்திமாலா, பத்மினி போட்டி நடனம் ஞாபகம் இருக்கா? அதற்கு இசை இதே சி. ராம்சந்திராதான். அவர் இசையமைத்த 'ஆஷா' (1957) இந்திப் படத்தின் 'ஈனா மீனா டீக்கா'வில் வரும் கொங்கணிச் சொற்கள், குழுவில் இருந்த கோவாக்காரர் ஜான் கோம்ஸ் தந்தவை. அந்தப் படம் தமிழில் 'அதிசயப் பெண்' ஆனது.

கோடம்பாக்கத்திலும் இதே கதைதான். எம்.எஸ்.வி. படங்களின் டைட்டில் கார்டில் 'உதவி' என்ற சொல்லோடு வரும் ஹென்றி டேனியல் பேரை நம்மில் எத்தனை பேர் நின்று படித்திருப்போம்?

கடைசியில்?

1966-ல் வந்த 'ஆக்ரி கத்' படத்தில், கய்யாம் இசையில் பூபிந்தர் சிங் பாடும் கிளப் பாடலில் சிக் டிரம்பெட் வாசிப்பதைப் பார்க்கலாம். அடுத்த ஆண்டே இறந்துவிட்டார். வயது 51 தான்.

அவருக்கு மேடை கிடைத்தது, திரையில் முகமும் கிடைத்தது. அப்படியும் இன்று பெரும்பாலானோருக்கு அவரைத் தெரியாது. பேரே வராமல் வாசித்துவிட்டுப் போனவர்களின் நிலையை யோசித்துப் பாருங்கள். மெட்டு போடுவது படைப்பு, அதை ஐம்பது வாத்தியங்களுக்குப் பிரித்து எழுதுவது வெறும் 'உதவி' என்று அன்றைக்குப் போட்ட கோடுதான் இதற்குக் காரணம். இன்றைய மியூசிக் ஆப்களும் பெரும்பாலும் அந்தக் கோட்டைத் தாண்டவில்லை.

நாளைக்கு ரயிலில் அந்த டிரம்பெட் வரும்போது, பாட்டை மாத்தாம ஒரு நிமிஷம் கேளுங்க.