நாயின் விந்தகத்தில் இருந்து 'இளமை ஊசி'.. 72 வயதில் தனக்குத்தானே போட்டுக்கொண்ட விஞ்ஞானி! யார் இந்த பிரவுன் செகார்ட்?

மதுரை சிம்மக்கல் ரவுண்டானாவில் பஸ்ஸை விட்டு இறங்கி நாலு எட்டு நடந்தாலே அந்த நோட்டீஸ் கண்ணில் பட்டுவிடும். ஆண்மைக்குறைவா, சுகர் வந்தபிறகு தாம்பத்தியத்தில் பிரச்னையா, இந்தத் தேதியில் இந்த லாட்ஜில் வைத்தியர் வருகிறார் என்று கரண்ட் கம்பம் வரைக்கும் ஒட்டியிருப்பார்கள். இப்போது அதே விளம்பரம் மொபைலுக்கும் வந்துவிட்டது. வார்த்தைதான் மாறியிருக்கிறது. லேகியம் போய் ஸ்டெம் செல், பிஆர்பி ஊசி என்கிறார்கள்.

ஊசி போட்டு ஆண்மையைத் திரும்பக் கொண்டுவரலாம் என்ற இந்த எண்ணத்துக்கு ஒரு தொடக்கம் இருக்கிறது. சிம்மக்கல் பக்கத்தில் இருந்து வைகையைக் கடந்து கோரிப்பாளையம் போகிற ஏ.வி. பாலம் திறக்கப்பட்டது 1889 டிசம்பரில். அதே 1889-ல், ஆறு மாதம் முன்னதாக, பாரிஸில் ஒரு 72 வயதுப் பேராசிரியர் மேடை ஏறிப் பேசிய பேச்சில் இருந்துதான் எல்லாம் ஆரம்பித்தது. அவர் பெயர் சார்லஸ் எட்வர்ட் பிரவுன் செகார்ட்.

மொரீஷியஸில் பிறந்த பிள்ளை

1817 ஏப்ரல் 8. மொரீஷியஸ் தீவின் போர்ட் லூயிஸ் நகரம். பாண்டிச்சேரியில் இருந்து பிரெஞ்சுக்காரர்கள் அழைத்துப்போன தமிழ்க் கைவினைஞர்கள் வேலை பார்த்த அதே துறைமுக ஊர்தான். அப்பா பிரவுன் அமெரிக்கக் கப்பல் கேப்டன். அம்மா செகார்ட் குடும்பத்துப் பிரெஞ்சுப் பெண். மகன் பிறப்பதற்கு முன்பே அப்பா கடலில் காணாமல் போய்விட்டார். தையல் வேலை செய்துதான் அம்மா பிள்ளையை வளர்த்தார். பின்னாளில் அம்மாவின் குடும்பப் பெயரையும் தன் பெயரோடு சேர்த்துக்கொண்டார் மகன்.

1838-ல் அம்மாவும் மகனும் பாரிஸ் போனார்கள். டாக்டர் ஆகவேண்டும் என்பதற்காக இல்லை, எழுத்தாளர் ஆகவேண்டும் என்று! எழுதியதைப் படித்த மூத்த எழுத்தாளர் சார்லஸ் நோடியே, வேறு தொழில் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டார். இலக்கியத்துக்கு நஷ்டமா தெரியாது, மருத்துவத்துக்கு லாபம். 1846-ல் பாரிஸில் எம்.டி. பட்டம் வாங்கினார்.

பட்டத்துக்காகச் செய்த ஆராய்ச்சியே தண்டுவடம் பற்றியது. தண்டுவடத்தைப் பாதி அளவு வெட்டினால் என்ன ஆகும்? வெட்டிய பக்கம் கை கால் அசையாது. ஆனால் வலி தெரியாமல் போவது எதிர்ப் பக்கத்தில்! வலியைக் கொண்டுபோகும் நரம்புகள் தண்டுவடத்துக்குள்ளேயே பக்கம் மாறிவிடுகின்றன என்பதை உலகத்துக்குக் காட்டியவர் இவர். மதுரை மருத்துவக் கல்லூரி மாணவர்களும் இன்றைக்கும் பிரவுன் செகார்ட் சிண்ட்ரோம் என்று படிப்பது இதைத்தான்.

தன் உடம்பே ஆய்வுக்கூடம்

இந்த மனிதரிடம் ஒரு விசித்திரமான பழக்கம் உண்டு. சந்தேகம் வந்தால் தன் உடம்பிலேயே சோதித்துப் பார்ப்பார். இரைப்பை நீர் எப்படி இருக்கும் என்று பார்க்க, நூலில் கட்டிய ஸ்பாஞ்சை விழுங்கி, பிறகு இழுத்து வெளியே எடுத்தார். ஒரு தடவை இல்லை, பல தடவை. அதனால் சாப்பிட்டது மாடு அசைபோடுவதுபோல வாய்க்குத் திரும்பிவரும் தொல்லை வந்து, அவரைக் கடைசிவரை விடவில்லை.

1854-ல் மொரீஷியஸில் காலரா. சொந்த ஊர் ஆட்களுக்கு வைத்தியம் பார்க்கப் போனவர், அபின் மருந்து காலராவுக்குக் கேட்கிறதா என்று பார்க்க, நோயாளியின் வாந்தியையே விழுங்கினார் என்று அவர் வாழ்க்கையை எழுதியவர்கள் சொல்கிறார்கள். அமெரிக்காவின் ரிச்மண்டில் பேராசிரியராக இருந்தபோது தோலின் வேலை என்ன என்று கண்டுபிடிக்க உடம்பு முழுக்க வார்னிஷ் பூசிக்கொண்டு மயங்கி விழுந்தார். ஒரு மாணவர் பார்த்ததால் உயிர் தப்பியது.

கிறுக்கர் என்று ஒதுக்கிவிட முடியாது. 1856-ல், சிறுநீரகத்துக்கு மேலே தொப்பிபோல உட்கார்ந்திருக்கும் அட்ரீனல் சுரப்பியை எடுத்துவிட்டால் விலங்குகள் செத்துப்போகின்றன என்று நிரூபித்தார். சுரப்பிகள் ஏதோ ஒன்றை ரத்தத்தில் கலக்கின்றன, அது இல்லாமல் உயிர் இல்லை என்பது அவர் முடிவு. ஹார்மோன் என்ற சொல்லே அப்போது பிறக்கவில்லை.

அதற்கப்புறம் ஒரு இடத்தில் நிற்கவில்லை. லண்டனில் பக்கவாதம், வலிப்பு நோயாளிகளுக்கான மருத்துவமனை, 1864-ல் ஹார்வர்டு, திரும்ப பாரிஸ், திரும்ப அமெரிக்கா. மூன்று முறை திருமணம். கடைசியில் 1878-ல், உடலியல் மேதை கிளாட் பெர்னார்ட் இறந்தபிறகு, காலேஜ் த பிரான்ஸில் அவருடைய நாற்காலியே இவருக்குக் கிடைத்தது.

1889 ஜூன் 1: அன்றைக்கு என்ன நடந்தது?

வயது 72. உடம்பு தளர்ந்துவிட்டது. அரை மணி நேரம் நின்று வேலை பார்த்தாலே உட்காரவேண்டியிருந்தது. நாய், கினிப் பன்றி ஆகியவற்றின் விந்தகத்தை இடித்து, தண்ணீர் சேர்த்து வடிகட்டி, அதைத் தோலுக்கு அடியில் ஊசியாகப் போட்டுக்கொண்டார். சுமார் மூன்று வாரத்தில் பத்து ஊசி.

ஜூன் 1-ம் தேதி பாரிஸ் உயிரியல் சங்கத்தில் முடிவை அறிவித்தார். மாடிப்படி ஏற முடிகிறது, கைப்பிடி வலிமை கூடியிருக்கிறது, மூத்திரம் முன்பைவிட வேகமாகப் போகிறது, மலச்சிக்கல் குறைந்தது, மூளை சுறுசுறுப்பாகிவிட்டது. எல்லாவற்றையும் அளந்து வைத்திருந்தார். இது வெறும் மனப்பிரமையாக இருக்குமோ என்ற கேள்வியையும் அவரே எழுப்பி, மற்றவர்கள் செய்துபார்க்கட்டும் என்று கேட்டுக்கொண்டார். ஊசியை நிறுத்தியதும் சில வாரத்தில் பழைய தளர்ச்சியே வந்துவிட்டது என்பதையும் மறைக்கவில்லை.

இந்த நேர்மையெல்லாம் யார் காதில் விழுந்தது? இளமை திரும்புகிறது என்பது மட்டும்தான் பத்திரிகைகளில் வந்தது. சில வாரத்தில் அமெரிக்காவில் ஆளாளுக்கு அமிர்தம் என்று பாட்டிலில் அடைத்து விற்க ஆரம்பித்தார்கள். பிட்ஸ்பர்க் அணியின் பேஸ்பால் வீரர் பட் கால்வின் ஆகஸ்டில் இதைப் போட்டுக்கொண்டு மேட்ச் ஜெயித்தார் என்று செய்தி வந்தது. விளையாட்டு உலகின் முதல் ஊக்கமருந்து செய்தி என்று இதைச் சொல்பவர்கள் உண்டு. சுத்தம் செய்யாத மருந்தால் சீழ் பிடித்து அவதிப்பட்டவர்களும் இருந்தார்கள். சக டாக்டர்கள் பலர் கேலி செய்தார்கள்.

ஊசியில் உண்மையில் என்னதான் இருந்தது?

ஆண் ஹார்மோனான டெஸ்டோஸ்டிரோன் தண்ணீரில் சரியாகக் கரையாது. விந்தகம் அதைச் சேமித்தும் வைப்பதில்லை, சுரந்ததும் ரத்தத்துக்கு அனுப்பிவிடும். 2002-ல் ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் பிரவுன் செகார்ட் சொன்ன அதே முறையில் நாய் விந்தகச் சாறு தயாரித்து அளந்தார்கள். உடம்பில் எந்த மாற்றமும் செய்ய முடியாத அளவுக்குத்தான் அதில் ஹார்மோன் இருந்தது. அவர் மாடிப்படி ஏறியது நம்பிக்கையின் பலத்தில். மருத்துவத்தில் பிளசிபோ என்பார்கள்.

சரி, இதற்கும் சுகருக்கும் என்ன சம்பந்தம்? அதே 1889-ல் ஸ்ட்ராஸ்பர்க் நகரில் மின்கோவ்ஸ்கி, வான் மெரிங் என்ற இருவர் ஒரு நாயின் கணையத்தை எடுத்தார்கள். நாய்க்குச் சர்க்கரை நோய் வந்துவிட்டது. சுரப்பிச் சாற்றைக் கொடுத்தால் நோய் தீரும் என்ற எண்ணத்தைப் பிரவுன் செகார்ட் ஏற்கெனவே பரப்பியிருந்தார். 1891-ல் தைராய்டு சாறு நிஜமாகவே வேலை செய்தது. 1922-ல் டொராண்டோவில் இன்சுலின். ஊசி தோற்றது, யோசனை ஜெயித்தது.

இன்று சுகர் நோயாளிகளுக்கு என்ன ஆராய்ச்சி நடக்கிறது?

இந்தியாவில் சுமார் 10.1 கோடி பேருக்குச் சர்க்கரை நோய் இருப்பதாக 2023-ல் வெளியான ஐசிஎம்ஆர் ஆய்வு சொல்கிறது. சுகர் உள்ள ஆண்களுக்கு விறைப்புத்தன்மைக் குறைபாடு வரும் வாய்ப்பு மற்றவர்களைவிட ஏறக்குறைய மூன்று மடங்கு என்பது அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் ஆய்வில் தெரியவந்தது. வெளியே சொல்ல வெட்கப்படுவதால்தான் நோட்டீஸ்காரர்களுக்குப் பிழைப்பு ஓடுகிறது.

உடம்புக்குள் நடப்பது இதுதான். நரம்பும் ரத்தக்குழாயின் உள்சுவரும் நைட்ரிக் ஆக்சைடு என்ற வாயுவை விடும். அதனால் தசை தளர்ந்து, ரத்தம் நிரம்பும். வருடக்கணக்கில் சர்க்கரை ஏறியிருந்தால் நரம்பும் உள்சுவரும் கெட்டு, அந்த வாயு சுரப்பது குறைந்துவிடுகிறது. 1998-ல் வந்த சில்டெனாஃபில் மாத்திரை செய்வது தொட்டியின் அடைப்பானை மூடும் வேலை. குழாயில் தண்ணீர் வந்தால்தானே தொட்டி நிரம்பும்? சுகர்காரர்களில் பலருக்கு மாத்திரை சரியாகக் கேட்காததற்கு இதுவும் ஒரு காரணம்.

கெட்டுப்போன அந்தக் குழாயையே ரிப்பேர் செய்யலாமா என்பதுதான் இப்போதைய ஆராய்ச்சி. சுகர் வரவைத்த எலிகளில் ஸ்டெம் செல் நல்ல பலன் காட்டியது. மனிதர்களில்? 2010-ல் தென்கொரியாவில் சுகர் உள்ள 7 ஆண்களுக்குத் தொப்புள்கொடி ரத்த ஸ்டெம் செல்லை ஆணுறுப்பில் செலுத்தினார்கள். பெரும்பாலானவர்களுக்குக் காலை விறைப்பு திரும்பியது, ஆனால் உடலுறவுக்கு அது மட்டும் போதவில்லை. 2018-ல் ஜோர்டானில் 4 பேருக்கு அவரவர் எலும்பு மஜ்ஜையில் எடுத்த செல். ஏழு பேர், நாலு பேர். இவை மிகச் சிறிய ஆய்வுகள். இதை வைத்து ஒரு சிகிச்சையை விற்க முடியாது.

நோயாளியின் ரத்தத்தையே சுழற்றிப் பிரித்துப் போடும் பிஆர்பி ஊசியின் கதை இன்னும் சுவாரஸ்யம். அமெரிக்காவில் மியாமி பல்கலைக்கழகம் 61 ஆண்களைப் பிரித்து, சிலருக்குப் பிஆர்பி, சிலருக்கு வெறும் உப்புத்தண்ணீர் ஊசி போட்டது. யாருக்கு எது என்று சொல்லவில்லை. 2023-ல் முடிவு வந்தது. பிஆர்பி குழுவில் சுமார் 58 சதவீதம் பேருக்கு முன்னேற்றம். உப்புத்தண்ணீர் குழுவில் சுமார் 54 சதவீதம். வித்தியாசமே இல்லை என்றார்கள் ஆய்வாளர்கள். சுகர்காரர்களுக்கு என்று தனியாக நடந்த ஆய்வு இல்லை இது. ஆனாலும் 72 வயதுப் பேராசிரியர் ஞாபகம் வராமல் இருக்காது.

இந்தியாவில் ஐசிஎம்ஆரின் 2017 வழிகாட்டுதல்படி, ரத்தம் சார்ந்த சில நோய்களைத் தவிர மற்றவற்றுக்கு அனுமதி பெற்ற ஆய்வில் மட்டுமே ஸ்டெம் செல்லைப் பயன்படுத்தலாம். அந்த ஆய்வில் சேர்பவரிடம் காசும் வாங்கக்கூடாது. ஊசிக்கு இத்தனை ஆயிரம் என்று யாராவது ரேட் சொன்னால் அது ஆய்வு இல்லை, வியாபாரம்.

இன்னொரு விஷயம். விறைப்புக் குறைபாடு மாரடைப்புக்குச் சில வருடங்கள் முன்னாலேயே தலைகாட்டும் அறிகுறியாகவும் இருக்கலாம், ஏனென்றால் அங்குள்ள ரத்தக்குழாய்கள் இதயத்தில் இருப்பதைவிட மெல்லியவை. லாட்ஜ் வைத்தியரிடம் போகிறவருக்கு ஈசிஜி யாரும் எடுப்பதில்லை. மூலிகை என்ற பெயரில் விற்கும் பொடிகளில் சில்டெனாஃபில் கலந்திருப்பதாக அமெரிக்காவின் எஃப்டிஏ பலமுறை எச்சரித்திருக்கிறது. நெஞ்சுவலிக்கு நைட்ரேட் மாத்திரை எடுப்பவர் தெரியாமல் அதைச் சாப்பிட்டால் ரத்த அழுத்தம் சட்டென்று இறங்கி உயிருக்கே ஆபத்து. சிம்மக்கல்லில் இருந்து பாலத்தைத் தாண்டினால் அரசு ராஜாஜி மருத்துவமனை. அங்கே சுகர், பிரஷர், இதயம் மூன்றையும் பார்க்கக் காசு கேட்க மாட்டார்கள்.

பிரவுன் செகார்ட் கதை எப்படி முடிந்தது?

கேலியைக் கேட்டு அவர் நிறுத்தவில்லை. உதவியாளர் தார்சொன்வாலுடன் சேர்ந்து சாற்றை இன்னும் சுத்தமாகத் தயாரித்து, கேட்ட டாக்டர்களுக்கெல்லாம் இலவசமாக அனுப்பிக்கொண்டிருந்தார். பலன் எப்படி என்று எழுதித் தெரிவிக்க வேண்டும், அது ஒன்றுதான் நிபந்தனை. அவர் பெயரைச் சொல்லி விற்றவர்கள் பணக்காரர் ஆனார்கள், அவர் ஆகவில்லை.

1894 ஏப்ரலில், 77-வது பிறந்தநாளுக்குச் சில நாள் முன்பு, பாரிஸில் இறந்தார். அவருடைய நாற்காலிக்கு தார்சொன்வால் வந்தார். அவர் தேடிய பொருளை, டெஸ்டோஸ்டிரோனை, ஆம்ஸ்டர்டாமில் காளை விந்தகத்தில் இருந்து பிரித்தெடுக்க இன்னும் 41 வருடம் ஆனது.