கூட்டணிகளைக் கட்டிக் காத்த பிஸ்மார்க்

பிஸ்மார்க் என்றதும் மாணவர் பலர் தேர்வுத்தாளில் மூன்று போர்களை வரிசையாக எழுதி, ஜெர்மனியை ஒன்றுபடுத்திய இரும்பு மனிதர் என்று முடித்துவிடுவர். நம் சர்தார் படேலை இந்தியாவின் பிஸ்மார்க் என்று புகழ்வதும் அவ்வொன்றுபடுத்தும் பணியைக் கருதியே. ஆனால் அப்போர்கள் மூன்றும் 1864-க்கும் 1871-க்கும் இடைப்பட்ட 7 ஆண்டுகளில் முடிந்தவை. அதன்பின் பதவியில் இருந்த 19 ஆண்டுகளும் அவர் ஐரோப்பாவில் ஒரு போரையும் தொடுக்கவில்லை. அந்த 19 ஆண்டுகளே அவர் வாழ்வின் அரிய பகுதி என்பது என் கருத்து.

அதை விளக்க ஒரு விளையாட்டைச் சொல்ல வேண்டும். அமெரிக்கரான ஆலன் கால்ஹாமர் 1954-இல் உருவாக்கி 1959-இல் வெளியிட்ட பலகை விளையாட்டு 'டிப்ளமசி'. 1901-ஆம் ஆண்டின் ஐரோப்பாவே அதன் பலகை. ஆட்டக்காரர் எழுவர், ஏழு வல்லரசுகள். பகடை கிடையாது. ஒருவரோடொருவர் தனித்தனியே பேசிக் கூட்டணி சேரலாம். சேர்ந்த கூட்டணியை முறிக்கவும் விதியில் தடையில்லை. படைகளுக்கான ஆணைகளை எல்லாரும் எழுதித் தருவர்; அவை ஒரே நேரத்தில் வெளிப்படும். 1963 முதல் அஞ்சல் வழியாகவும், பின்னர் இணையத்தின் வழியாகவும் இதனை மாதக்கணக்கில், சில வேளை ஆண்டுக்கணக்கில் ஆடி வருகின்றனர். அத்தகைய நீண்ட ஆட்டத்திற்கு நடத்துநர் ஒருவர் இன்றியமையாதவர். கெடு விதிப்பதும், ஆணைகளைச் சேர்ப்பதும், தோற்கும் நிலையில் இருப்பவர் மனம் வெறுத்து எழுந்து போய்விடாமல் பார்த்துக்கொள்வதும் அவர் பொறுப்பு. அவர் தாம் ஆடுவதில்லை. பிஸ்மார்க்கோ ஆடிக்கொண்டே ஆட்டத்தையும் நடத்தியவர்!

ஆட்டோ வான் பிஸ்மார்க் 1815 ஏப்ரல் 1-ஆம் நாள் பிரஷ்யாவில், எல்பே ஆற்றுப் பகுதியைச் சேர்ந்த ஷோன்ஹவுசன் என்னும் ஊரில் பிறந்தார். தந்தை நிலக்கிழார், தாய் கற்றறிந்த அரசு அலுவலர் குடும்பத்தவர். காட்டிங்கனிலும் பெர்லினிலும் சட்டம் பயின்றார். பயின்றார் என்பதைவிட வாட்போரிலும் கேளிக்கையிலும் பொழுதைக் கழித்தார் என்பதே பொருந்தும். அரசுப் பணியில் சேர்ந்து, அது பிடிக்காமல் விட்டு, பண்ணைகளைப் பார்த்துக்கொண்டார். 1847-இல் யோஹன்னாவை மணந்தார். அவ்வாண்டிலேயே பிரஷ்ய மன்றத்தில் உறுப்பினரானார்.

1851-இல் பிராங்பர்ட் நகரில் கூடிய ஜெர்மானியக் கூட்டமைப்பு மன்றத்திற்குப் பிரஷ்யாவின் தூதராகச் சென்றார். அங்கே கூட்டத்தில் சுருட்டுப் பிடிக்கும் உரிமை தலைமை வகித்த ஆஸ்திரியத் தூதர் ஒருவருக்கே இருந்துவந்தது. ஒருநாள் பிஸ்மார்க் தம் சுருட்டை எடுத்து, அந்தத் தலைவரிடமே நெருப்புக் கேட்டார். அதுகண்ட பிற நாட்டுத் தூதர்களும் பிடிக்கத் தொடங்கினர். புகைப்பழக்கமே இல்லாதவரும் தம் நாட்டின் மானத்தை முன்னிட்டுப் பிடிக்க வேண்டியதாயிற்று. இஃது அவரே பிற்காலத்தில் சொல்லி மகிழ்ந்த கதை. சற்றுக் கூட்டிச் சொல்லியிருக்கவும் கூடும். பின்னர் 1859-இல் பீட்டர்ஸ்பர்க்கிலும், 1862-இல் சில திங்கள் பாரிசிலும் தூதராக இருந்தார். 1862 செப்டம்பரில் பிரஷ்யாவின் முதலமைச்சரானபோது, எதிரே அமரப் போகிறவர்களின் குணமும் குறையும் அவருக்கு அத்துப்படி.

1866-இல் கோனிக்கிரேட்ஸ் களத்தில் ஆஸ்திரியா தோற்றது. மன்னர் வில்லியமும் தளபதிகளும் வியன்னா வரை சென்று வெற்றி விழாக் கொண்டாடத் துடித்தனர். பிஸ்மார்க் ஒருவரே தடுத்தார். வாதாடினார், பதவி விலகுவேன் என்றார், அழுதார் என்றுகூடச் சொல்வர். முடிவில் ஆஸ்திரியாவின் நிலத்தில் ஓர் அடியையும் பிரஷ்யா எடுத்துக்கொள்ளவில்லை. இன்று வீழ்ந்தவர் நாளை துணைக்கு வேண்டியவர் என்று அவர் கணக்கிட்டார். 13 ஆண்டுகள் கழித்து அதே ஆஸ்திரியா ஜெர்மனியின் நட்பு நாடாயிற்று. இவ்வளவு தெரிந்தவர் 1871-இல் பிரான்சிடமிருந்து அல்சேஸ்-லொரேன் பகுதியைப் பறிக்க இசைந்ததுதான் பெரும் பிழை. பிரான்சு அதை மறக்கவேயில்லை. அன்று முதல், பிரான்சோடு வேறு யாரும் சேர்ந்துவிடக் கூடாதே என்னும் கவலை அவர் உறக்கத்தைக் கெடுத்தது.

ஐரோப்பாவில் வல்லரசுகள் ஐந்து. அவற்றுள் மூன்று சேர்ந்த பக்கத்தில் ஜெர்மனி என்றும் இருக்க வேண்டும் என்பதே அவர் கணக்கு. 1873-இல் ஜெர்மனி, ஆஸ்திரியா, ரஷ்யா ஆகிய மூன்று பேரரசர்களின் கழகத்தை அமைத்தார். ரஷ்யா துருக்கியை வென்று, 1878 மார்ச்சில் சான் ஸ்டெபானோ உடன்படிக்கையால் பெரிய பல்கேரியாவை உருவாக்கியபோது, இங்கிலாந்தும் ஆஸ்திரியாவும் சீறி எழுந்தன. போர் மூளும் நிலை. பிஸ்மார்க் அனைவரையும் பெர்லினுக்கு அழைத்தார்.

அம்மாநாடு 1878 ஜூன் 13 முதல் ஜூலை 13 வரை நடந்தது. இங்கிலாந்தின் டிஸ்ரேலி, ரஷ்யாவின் கோர்ச்சகோவ், ஆஸ்திரியாவின் ஆந்திராசி முதலியோர் வந்தனர். உடல்நலம் குன்றியிருந்தும் தலைவர் பிஸ்மார்க் வளவளப்பை அனுமதிக்கவில்லை. சிக்கலான செய்திகளைத் தனியறைப் பேச்சில் தீர்த்துவிட்டுப் பின்னரே அவைக்குக் கொணர்வது வழக்கமாயிற்று. பல்கேரியா மூன்று கூறாயிற்று. போஸ்னியாவின் ஆட்சி ஆஸ்திரியாவின் கைக்குச் சென்றது. போர் தவிர்ந்தது. ஆனால் யாருடைய நிலம் கூறுபட்டதோ அவர்களுக்கு அந்த மேசையில் வாக்கு இல்லை. கிரேக்கரும் ருமேனியரும் தம் குறையைச் சொல்லிவிட்டு வெளியேற வேண்டியவராயினர். 1884-85-இல் அதே பெர்லினில் ஆப்பிரிக்கா பற்றிக் கூடியபோது ஆப்பிரிக்கர் ஒருவர்கூட அவையில் இல்லை. அடிமைப்பட்டுக் கிடந்த நாட்டவராகிய நமக்கு இது நெஞ்சில் தைக்காமற் போகாது.

நடுவராக நின்றதற்குப் பிஸ்மார்க்கும் விலை கொடுத்தார். தம் வெற்றியைக் குறைத்துவிட்டார் என்று ரஷ்யர் அவர்மீது சினந்தனர். உடனே அவர் 1879-இல் ஆஸ்திரியாவோடு உடன்படிக்கை செய்தார். ரஷ்யப் பேரரசர் தம் உறவினர் என்பதால் கையெழுத்திட மறுத்த வில்லியம் மன்னரை, பதவி விலகல் மிரட்டலாலேயே இணங்க வைத்தார். 1881-இல் ரஷ்யாவை மீண்டும் மூவர் அணிக்குள் கொணர்ந்தார். 1882-இல் இத்தாலியும் சேர்ந்து முக்கூட்டு நட்புறவு பிறந்தது.

பால்கன் சிக்கலால் ரஷ்யாவும் ஆஸ்திரியாவும் மீண்டும் பிணங்கவே, 1887-இல் ஆஸ்திரியா அறியாமல் ரஷ்யாவோடு மூன்றாண்டு இரகசிய உடன்படிக்கை ஒன்றைச் செய்தார். அதே ஆண்டில், ரஷ்யாவைத் தடுக்க இங்கிலாந்தும் ஆஸ்திரியாவும் இத்தாலியும் இணைவதற்கும் ஊக்கம் தந்தார். அதே ஆண்டில், ரஷ்யக் கடன் பத்திரங்களை ஈடாகப் பெறக் கூடாதென ஜெர்மன் மத்திய வங்கிக்குத் தடையும் விதித்தார். கடன் வேண்டிய ரஷ்யா பாரிசை நாடியது. ஒரு கையால் கட்டிய முடிச்சை மறு கையால் அவரே தளர்த்தினார் என்பதை அவர் புகழ் பாடுவோர் சொல்வதில்லை. எந்தக் கடிதம் யாருக்குத் தெரியும், யாருக்குத் தெரியாது என்பது அவர் ஒருவர் மூளையில் மட்டுமே இருந்தது.

உள்நாட்டில் கத்தோலிக்கத் திருச்சபையோடும் சமதர்மவாதிகளோடும் மோதினார். 1883-இல் தொழிலாளர் நோய்க் காப்புறுதியையும், 1889-இல் முதியோர் ஓய்வூதியத்தையும் சட்டமாக்கினார்.

1888-இல் முதிய வில்லியம் மறைந்தார். அடுத்து வந்த பிரடெரிக் 99 நாள்களே ஆண்டார். பின் வந்த 29 வயது இரண்டாம் வில்லியம் தாமே ஆள விரும்பினார். 1890 மார்ச்சில் பிஸ்மார்க் பதவி விலக நேர்ந்தது. ரஷ்யா அந்த இரகசிய உடன்படிக்கையைப் புதுப்பிக்க விரும்பியது. புதிய தலைமையமைச்சர் காப்ரிவியின் அரசு மறுத்துவிட்டது. ஒன்றோடொன்று முரணும் உறுதிமொழிகளைக் கையாள அவர்களுக்குத் துணிவில்லை. அந்தத் திறமையும் இல்லை. 1894-இல் பிரான்சும் ரஷ்யாவும் கூட்டணியாயின. 20 ஆண்டுகள் கழித்து, 1914-இல் ஜெர்மனி இருபுறமும் போரிட நேர்ந்தது.

ஓய்வில் அவர் அமைதி காணவில்லை. 1896-இல் ஹாம்பர்க் செய்தித்தாள் ஒன்றின் வாயிலாக அந்த இரகசியத்தைத் தாமே உலகுக்கு வெளியிட்டார். 1898 ஜூலை 30-ஆம் நாள் பிரீட்ரிக்ஸ்ரூவில் காலமானார். பெர்லினில் பெருஞ்சிறப்புடன் அடக்கம் செய்யப் பேரரசர் விரும்பினார், குடும்பத்தார் இசையவில்லை. பிரீட்ரிக்ஸ்ரூவிலுள்ள கல்லறையில், அவர் விருப்பப்படியே, முதலாம் வில்லியத்தின் உண்மை ஊழியர் என்று மட்டும் பொறித்திருக்கின்றனர். பேரனின் பெயர் அங்கில்லை.