மாண்டிசோரி அம்மையார்

ஒன்று முதல் நூறு வரை தடையின்றி ஒப்பிக்கும் குழந்தையும், ஏழு புளியங்கொட்டைகளை எண்ணித் தருமாறு கேட்டால் திகைப்பதுண்டு. எண்ணின் பெயரை நா அறிந்ததேயன்றி, அதன் அளவைக் கை அறியவில்லை. இக்குறையை நீக்க வழி கண்டவர் மாண்டிசோரி அம்மையார்.

இவர் 1870ஆம் ஆண்டு இத்தாலி நாட்டில் பிறந்தார். பெண்கள் மருத்துவம் பயில்வது அரிதாயிருந்த அக்காலத்தில், உரோம் நகரில் பயின்று 1896இல் பட்டம் பெற்றார். மனவளர்ச்சி குன்றிய குழந்தைகளுக்கு மருத்துவம் செய்யப் புகுந்த அவர், அவர்களுக்கு மருந்தினும் கல்வியே வேண்டுவதென உணர்ந்தார். தொட்டும் எடுத்தும் பயிலத்தக்க பொருள்களைக் கொண்டு கற்பித்தார். அவர்களுட் சிலர் பொதுத்தேர்வு எழுதி, ஏனைய பிள்ளைகளுக்கு நிகராகத் தேறினர். உலகம் வியந்தது, அம்மையாரோ கவலையுற்றார். குறையற்ற பிள்ளைகள் இதனினும் உயராமைக்குக் காரணம், அவர்கள் கற்ற முறையே எனத் துணிந்தார்.

1907இல் உரோம் நகரின் ஏழை மக்கள் வாழ்ந்த பகுதியில் குழந்தைகள் இல்லம் ஒன்றைத் தொடங்கினார். எண்ணறிவு புகட்ட அவர் அமைத்த கருவிகள் எளியவை. பத்துக் கோல்கள், மிகச் சிறியது 10 சென்டிமீட்டர், மிகப் பெரியது ஒரு மீட்டர். சிவப்பும் நீலமுமாக மாறி மாறி வரும் பகுதிகளைக் குழந்தை தொட்டு எண்ணும். மற்றொரு கருவி, பூச்சியம் முதல் ஒன்பது வரை எண்ணிட்ட அறைகளையுடைய பெட்டி. 45 குச்சிகளை அவ்வவ் எண்ணுக்கேற்ப இடவேண்டும். குச்சி குறைந்தாலும் மிகுந்தாலும் பிழை தானே விளங்கும். கடிந்துரைக்க ஒருவர் வேண்டுவதில்லை. வெறுமையாய் நிற்கும் அறை பூச்சியத்தின் பொருளை உணர்த்தும்.

1939இல் அம்மையார் சென்னை அடையாற்றுக்கு வந்து, ஏறத்தாழ முந்நூறு பேருக்குப் பயிற்சியளித்தார். அடுத்த ஆண்டு இத்தாலி, பிரிட்டனுக்கு எதிராகப் போரில் இறங்கியது. பகைநாட்டார் என்னும் காரணத்தால் அவர் மகன் மாரியோ காவலில் வைக்கப்பட்டார். அம்மையாரும் விரும்பியவாறு வெளிச்செல்ல இயலாதவரானார். அவருடைய எழுபதாம் பிறந்தநாளன்று மகன் விடுவிக்கப்பட்டார். இத்துன்பத்திலும் அவர் தம் பணியைக் கைவிடவில்லை. பின்னர்க் கோடைக்கானலில் தங்கியும் அதனைத் தொடர்ந்தார்.

1952இல் நெதர்லாந்து நாட்டில் அம்மையார் மறைந்தார். தேர்வு மாணவரின் திறனை மட்டும் அளப்பதன்று. அவர்க்குக் கற்பித்த முறையையும் அளப்பதாகும். அம்மையாரின் வாழ்க்கை உணர்த்தும் உண்மை இதுவே.