வெள்ளிக் காசில் ஒரு வேந்தன்

பழங்காசு சேர்ப்பது பள்ளி நாள் முதல் எனக்குள்ள பழக்கம். என் பெட்டியில் இருப்பவை ஓட்டைக் காலணாவும் ஜார்ஜ் மன்னர் காசுகளுமே. உரோமானியரின் வெள்ளிக் காசாகிய தெனாரியஸை நான் முதன்முதலில் கண்டது சென்னை எழும்பூர் அருங்காட்சியகத்தில். விரல் நுனியளவுள்ள காசு. எடை 4 கிராமுக்கும் சற்றுக் குறைவு. ஒரு பக்கம் வெற்றி மாலை சூடிய டைபீரியஸ் பேரரசனின் முகம். மறுபக்கம் செங்கோலும் கிளையும் ஏந்தி வீற்றிருக்கும் ஒரு பெண். அவள் அவன் தாய் லிவியா என்பர். கொடுங்கோலன் என்ற ஒரே சொல்லில் தேர்வில் நான் எழுதி முடித்த மன்னன் அவன். அந்த முகத்திலோ கொடுமையைக் காணவில்லை. ஊர் திரும்பியதும் நூலகத்தில் அவன் வரலாற்றைத் தேடிப் படித்தேன்.

டைபீரியஸ் கி.மு. 42இல் உரோமில் பிறந்தான். அவனுக்கு நான்கு வயது நிரம்புமுன்பே லிவியா கணவனைப் பிரிந்து, பின்னாளில் அகஸ்டஸ் எனப் பெயர் பெற்றவனை மணந்தாள். மைந்தன் வளர்ந்து சிறந்த படைத்தலைவனானான். விப்சானியாவை மணந்து மகிழ்ந்து வாழ்ந்தான். அம்மகிழ்ச்சி நீடிக்கவில்லை. அவளை விலக்கிவிட்டுத் தன் மகள் ஜூலியாவை மணக்குமாறு அகஸ்டஸ் பணித்தான், கி.மு. 11இல் அம்மணம் நடந்தது. பின்னொரு நாள் விப்சானியாவைக் கண்ட டைபீரியஸ் கண்ணீர் மல்க அவளையே பார்த்து நின்றானாம். அதன்பின் அவள் அவன் கண்ணில் படாதவாறு பார்த்துக்கொண்டார்களாம்.

கி.மு. 6இல் பதவிகளைத் துறந்து ரோட்ஸ் தீவுக்குச் சென்றான். அகஸ்டஸ் வாரிசாகக் கருதிய பேரர் இருவரும் இளமையிலேயே இறக்கவே, கி.பி. 4இல் இவன் தத்தெடுக்கப்பட்டான். கி.பி. 14இல், 54 வயதில், அரியணை ஏறினான்.

ஆட்சித் திறமையில் அவன் குறைந்தவனல்லன். கி.பி. 17இல் நிலநடுக்கத்தால் சிதைந்த சின்ன ஆசிய நகரங்களுக்கு வரி நீக்கி உதவினான். கி.பி. 33இல் உரோமில் பணமுடை ஏற்பட்டபோது 10 கோடி செஸ்டர்ஸ் பணத்தை வட்டியின்றிக் கடனாக அளித்தான். பெண்டிர் அணியும் மணிகளுக்காக நாட்டின் செல்வம் அயலாரிடம் போகிறதே என்று கி.பி. 22இல் ஆட்சி மன்றத்துக்கு வருந்தி எழுதினான். அவ்வாறு போன இடங்களுள் நம் தமிழகமும் ஒன்று! கோவை, கரூர் வட்டாரப் புதையல்களில் அவன் முகம் பதித்த காசுகள் மிகுதி. கி.பி. 64இல் நீரோ காசின் வெள்ளியைக் குறைத்தான். டைபீரியஸின் காசோ ஏறத்தாழத் தூய வெள்ளி.

காசு தூயதாயிருந்தது, மனம் அவ்வாறு இருக்கவில்லை. கி.பி. 23இல் மகன் துரூசஸ் இறந்தான். கி.பி. 26இல் உரோமை விட்டு நீங்கிக் காப்ரி தீவில் தங்கிய மன்னன், பின்னர் அந்நகருக்குள் நுழையவே இல்லை. காவற்படைத் தலைவன் செஜானஸிடம் அதிகாரம் குவிந்தது. இராசத்துரோகக் குற்றம் சாட்டப்பட்டுப் பலர் மாண்டனர். கி.பி. 31இல் செஜானஸும் கொல்லப்பட்டான். அவனுடைய பிள்ளைகளையும் விட்டுவைக்கவில்லை. கி.பி. 37இல், 77 வயதில் டைபீரியஸ் இறந்தபோது உரோம் மக்கள் மகிழ்ந்தனர்.

நண்பர்களே, விப்சானியாவுக்காக அவன் வடித்த கண்ணீருக்கு இரங்குகிறேன். ஆயினும் அந்தப் பிள்ளைகளின் சாவுக்கு அக்கண்ணீர் ஈடாகுமா? இருபதாண்டுகளுக்கு மேல் அக்காசின் அச்சு பெரிதும் மாறவில்லை; அதில் பதிந்த மனிதன் மாறிக்கொண்டே இருந்தான். தேர்வில் மீண்டும் அவனைப் பற்றிக் கேட்டால், கொடுங்கோலன் என்றே எழுதுவேன். ஆனால் அச்சொல்லோடு விடையை முடிக்க மாட்டேன்.